பர்வதம் அத்தை கல்யாண கேசட்

மார்ச் 3, ஞாயிறு

மிரு தூங்கிவிட்டாள். மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். மூச்சு வருகிறது. இனி எழுதலாம்.

மாமியார் தேதி குறித்துவிட்டார். பங்குனி உத்திரத்தன்று அவர்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் மிருவுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவது. குரு தலையாட்டினார். என் கணவர் எதற்கும் தலையாட்டுவார். நானும் ஆட்டினேன். அப்புறம்தான் மாமியார் பருப்பு தாளித்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, புள்ளைய மடியில வச்சுக்கத் தாய்மாமன் யாரு?"

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அண்ணன் முறைக்கு இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான்: பெரியப்பா மகன் நாகேந்திரன், என் நாகு அண்ணன், சிவகாசியில். அவரை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு மூன்று வயது. பர்வதம் அத்தை கல்யாணத்தில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் முட்டிக்கொண்டது. அதோடு இருபத்தைந்து வருடம். என் கல்யாணத்துக்குக்கூட அவர்கள் வரவில்லை.

நான் முழிப்பதைப் பார்த்து மாமியார், "இல்லைன்னா கவலைப்படாத. எங்க பக்கத்துல ஆள் பாத்து உக்கார வச்சிரலாம்" என்றார்.

ஆள் பார்த்து! அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் வேலைக்கா?

"இருக்காரு அத்தை. எங்கண்ணன் வருவாரு" என்று சொல்லிவிட்டேன். எந்த வாயால் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

மார்ச் 4, திங்கள்

மிருவைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் தெருதான். விஷயத்தைச் சொன்னதும் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

"நான் ஒரு வார்த்தை பேசல. என் தங்கச்சி கல்யாணம், நான் ஓடியாடி வேலை பாத்துட்டிருக்கேன். பந்தியில உக்காந்த மனுசன் எந்திரிச்சுப் போயிட்டாரு. ஏன்னு அவரத்தான் கேக்கணும். வேணும்னா கேசட்டப் போட்டுப் பாரு."

பர்வதம் அத்தைக்கு போன் செய்தேன். பெரியப்பா பக்கத்துக் கதையை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "என் தம்பி சேதுராமன் என்னைய இலையிலருந்து எழுப்பி விட்டுட்டு மாப்பிள்ள வீட்டாள உக்கார வச்சான். சந்தேகம்னா கேசட்டப் போட்டுப் பாக்கச் சொல்லு."

இரண்டு பேருக்கும் அதே சாட்சி. ஆனால் யாரும் போட்டுப் பார்த்ததில்லை. கேசட் வந்த நேரம் சண்டை சூடாக இருந்ததாம். சூடு ஆறியபோது கேசட் போடும் வீடியோ டெக்கே ஊரிலிருந்தே போய்விட்டது.

அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு ஜாக்கெட் துணிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே கறுப்பு கேசட். முதுகில் 'பர்வதவர்த்தினி திருமணம்' என்று தங்க எழுத்து.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். நாலு வருடப் படிப்பு எதற்காவது உதவட்டும். கடையில் கொடுத்தால் எப்போது வருமோ. நானே கணினியில் ஏற்றிவிடுகிறேன்.

மார்ச் 6, புதன்

கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடா முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அந்தத் தூசி குழந்தையின் நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்று இணையத்தில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. மிருவை ஹாலுக்கு நாடு கடத்தினேன். நான் முகக்கவசம், கையுறை, கொரோனா காலத்துக் கண்ணாடி சகிதம் மொட்டை மாடிக்குப் போய், ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய துணியால், பேனாவை விட்டுச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, அங்குலம் அங்குலமாகத் துடைத்தேன். எதிர்வீட்டு மாடியில் வடகம் காயப்போட வந்த பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு வடகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 8, வெள்ளி

டெக்குக்கு எங்கே போவது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். மாமியார் அலட்டிக்கொள்ளாமல், "பரண்ல ஒண்ணு கிடக்கே, எதுக்கு இப்படிப் பதறுற?" என்றார். குரு ஏறி இறக்கினார். மேலே போட்டிருந்த க்ரோஷா பின்னல் உறை இன்னும் அப்படியே! பிளக்கைச் சொருகியதும் பச்சை எண்கள் கண் சிமிட்டின. நான் ஆடினேன். நிஜமாகவே ஹாலில் ஆடினேன். மிருவும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி மடக்கி ஆடினாள்.

மார்ச் 9, சனி

கேசட் கூடு விரிசல் விட்டிருந்ததால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினேன். ஸ்பிரிங் ஒன்று பறந்துவிட்டது. மிரு எதையோ மென்றுகொண்டிருந்தாள். அலறிக்கொண்டே வாயில் விரலை விட்டேன். கறிவேப்பிலை. ஸ்பிரிங் குருவின் சட்டைப்பையில் இருந்தது. எப்படிப் போனது என்று அவருக்கும் தெரியாதாம்.

மார்ச் 11, திங்கள்

படம் வந்துவிட்டது!

முதலில் வெறும் மழை. பிறகு நீலக்கோடு. படத்தைச் சீராக்கும் டிராக்கிங் குமிழை ஒரு மயிரிழை திருகினேன், மழைக்குள்ளிருந்து ஒரு வாழை மரம் வந்தது, அப்புறம் மண்டபம். கத்திவிட்டேன். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரமும் ஓடித்தான் கணினியில் ஏற வேண்டும். அவசரப்படுத்த முடியாது. மிரு தூங்கும்போது ஓட்டுகிறேன், விழித்தால் நிறுத்துகிறேன். மிக்ஸி போட்டால் படம் நடுங்குகிறது, அதனால் வீட்டில் சட்னி கிடையாது. மாமியார் முணுமுணுக்கிறாரே தவிர, மிக்ஸி பக்கம் போகாமல் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

படம் என்றால் அப்படிப்பட்ட படம். தாமரைப்பூ விரிகிறது, உள்ளே பர்வதம் அத்தையின் தலை மட்டும். இன்னொரு தாமரை, மாமாவின் தலை. இரண்டும் மிதந்து வந்து ஒரு அருவிக்கு முன்னால் முட்டிக்கொள்கின்றன. குரு சோபாவிலிருந்து சரிந்தே விட்டார். "நம்ம கல்யாணத்துக்கு ட்ரோன் எடுத்தோமே, ஒரு தாமரை வச்சானா?" என்று வருத்தப்பட்டார்.

ஒரே ஒரு குறை. மிக்ஸிங் செய்தவர் ஆரம்பம் முதல் கடைசிவரை நாதஸ்வரத்தை ஏற்றிவிட்டார். யார் பேசுவதும் கேட்காது.

மார்ச் 12, செவ்வாய்

அப்பா வந்தார். "வேலை எந்த அளவுக்கு இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." மாப்பிள்ளை அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா முன்னால் நடந்து வருகிறார், சுருட்டை முடி, தோளில் பச்சைக்கரைத் துண்டு. "கொஞ்சம் பின்னாடி ஓட்டு. அந்த மேளக்காரர் நம்ம ஊராளு மாதிரி இருக்கு" என்றார் அப்பா. ஓட்டினேன். மறுபடி ஓட்டச் சொன்னார். மேளக்காரர் திரையின் இடது ஓரத்தில் இருந்தார், அப்பா வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

மார்ச் 14, வியாழன்

பந்தி வந்துவிட்டது. அப்பா, அம்மா, குரு, மாமியார், நான் எல்லோரும் டிவி முன்னால். சாட்சி சொல்லும் நேரம்.

விளக்குக்காரரின் வெளிச்சம் இலை இலையாக நகர்கிறது. எல்லோரும் வாயைக் கையால் மறைக்கிறார்கள். அதோ பெரியப்பா. மடியில் ரோஸ் கவுனில் நான்! எனக்கு ஜாங்கிரி பிய்த்து ஊட்டுகிறார். கேமரா மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போகிறது. திரும்பி வரும்போது பெரியப்பாவின் இலையில் ஒரு பெரிய மீசைக்காரர் ரசம் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். பின்னால் பெரியப்பா நிற்கிறார். பக்கத்தில் அப்பா, இடுப்பில் துண்டு, கையில் வாளி. அப்பாவின் வாய் அசைகிறது. பெரியப்பா திரும்பிப் போகிறார். பூமாரி பொழிய, அடுத்த காட்சி.

"ஒரு வார்த்தை பேசலைன்னீங்க?" என்றாள் அம்மா.

"தண்ணி வைங்கப்பான்னு பசங்ககிட்ட சொல்லிருப்பேன்."

"பசங்க அந்தப் பக்கம். நீங்க உங்கண்ணன் மூஞ்சியப் பாத்துல்ல சொல்றீங்க."

குரு திரைக்கருகே போய் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். "மாமா, 'அடுத்த பந்தியில'ன்னு வருது."

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ள."

"'அடுத்த பந்தியில பாத்துக்கலாம்ணே.' அப்படியே வருது மாமா. சினிமா டப்பிங் மாதிரி."

அப்பா மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், "சொல்லிருப்பேன். கல்யாண வீட்டுல ஆயிரம் சொல்லுவோம். இலை காலியா கெடந்துச்சு, சம்பந்தி மாமன் நிக்கிறாரு, உக்கார வச்சேன். ஆனா இலைய விட்டு அவரா ஏன் எந்திரிச்சாரு? அதச் சொல்லச் சொல்லு" என்றார்.

நியாயமான கேள்வி. பதிலும் கேசட்டில் இல்லை. மிருவை மடியில் வைக்க நாகு அண்ணனும் இல்லை. மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. அவர் மனதுக்குள் ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 15, வெள்ளி

மிருவுக்கு லேசாகச் சளி. சாட்சியாவது மண்ணாவது.

மார்ச் 17, ஞாயிறு

நான்தான்! நான்தான்! நான்தான்!

மீதி கேசட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன், சும்மா பார்த்தபடி. மணமக்கள் ஊஞ்சல், பரிசு கொடுப்பது, வழியனுப்புவது. எல்லாவற்றிலும் நான் யாரோ ஒருவர் இடுப்பில் இருக்கிறேன். ஆனால் ரோஸ் கவுன் இல்லை. ஒரு துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். பச்சைக்கரைத் துண்டு! பெரியப்பா தோளில் கிடந்த அதே துண்டு.

கை கழுவும் இடத்துக் காட்சியைப் பின்னால் எங்கேயோ ஒட்டியிருந்தார்கள், அதற்கு ஓட்டினேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் வாய் கொப்பளித்துக்கொண்டு கேமராவுக்குக் கை ஆட்டுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், குழாயடியில், பெரியப்பா. வேட்டியின் முன்பக்கத்தை ஒரு கையால் பிழிகிறார். இன்னொரு கை என்னைப் பிடித்திருக்கிறது. நான் பிறந்த மேனிக்கு நிற்கிறேன். பெரியம்மா என் கவுனை அலசுகிறாள். பெரியப்பா சிரிக்கிறார்! தலையைப் பின்னால் சாய்த்து, தொப்பை குலுங்க.

குளித்துக்கொண்டிருந்த குருவின் கதவைத் தட்டினேன். "நான்தாங்க! ஒண்ணுக்குப் போனது நான்தான்!"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "எங்க? கட்டில்லயா?"

பெரியப்பா கோபித்துக்கொண்டு எழவில்லை. என்னால் நனைந்த வேட்டியை அலசப் போயிருக்கிறார். அந்த இடைவெளியில் அப்பா காலி இலையைப் பார்த்து ஆளை உட்கார வைத்துவிட்டார். அவருக்கு இவர் எழுந்த காரணம் தெரியாது, இவருக்கு அவர் வேறு ஆளை உட்கார வைத்த காரணம் தெரியாது. நடுவில் துண்டு கட்டிக்கொண்டு நான்.

அப்பாவை வரவழைத்துக் காட்டினேன். "எனக்குத் தெரியாதே" என்றார். அப்புறம், "இன்னொருவாட்டி போடு. கலர் சரியா ஏறியிருக்கான்னு பாக்கறேன்." நாலைந்து முறை கலர் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் மிருவின் சளி தொற்றிக்கொண்டது போல, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, குருவின் அலுவலக மடிக்கணினியில் ஒன்று என்று காப்பி எடுத்துவிட்டேன். இனி வீடே பற்றி எரிந்தாலும் நான் ஒண்ணுக்குப் போனது அழியாது.

மார்ச் 19, செவ்வாய்

சிவகாசி போய்வந்தோம். சொல்லாமல் போனோம். சொன்னால் வேண்டாம் என்று விடுவார்கள்.

பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுருட்டை முடி எங்கேயும் இல்லை.

"யாரு?"

"சேதுராமன் மக, பெரியப்பா. ரேணு."

"அது தெரியுது. மூக்கே சொல்லுது. கையில இருக்கிறது யாருன்னு கேட்டேன்."

"மிருதுளா."

"வாயில நுழையற மாதிரி ஒரு பேரு வைக்க மாட்டீங்களே."

அதற்குள் பெரியம்மா ஓடிவந்து என்னையும் மிருவையும் சேர்த்தே கட்டிக்கொண்டாள். மிரு அழவில்லை. முகம் தெரியாதவர்களைக் கண்டால் ஊரைக் கூட்டுகிறவள், பெரியம்மாவின் தாலிச் சரட்டைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் அந்தச் சரட்டில் எத்தனை கிருமி இருக்கும் என்று நினைத்தேன், பிறகு நினைப்பதை நிறுத்தினேன். எனக்கே ஆச்சரியம்.

டிவியில் பென் டிரைவைச் செருகினேன். பந்தி ஓடும்போது பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாகப் பார்த்தார். "பாத்தியா? எழுப்பி விட்டானா இல்லையா?" குழாயடி வந்தது. விறைப்பு போய்விட்டது. தன்னையே பார்த்து, அதே மாதிரி தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

"இத்தன வருசமா இதத்தானே நான் சொல்லுறேன்!" என்று பெரியம்மா பிடித்துக்கொண்டாள். "புள்ள நனைச்சிருச்சு, மாத்திட்டு வாறேன்டான்னு தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா, அவரு இலையக் காத்துக்கிட்டு நின்னுருப்பாரு."

"சம்பந்தி வீட்டாளுக மத்தியில மைக்குப் போட்டுச் சொல்லச் சொல்றியா? மானம் போயிராது?"

"மூணு வயசுப் புள்ளைக்கு என்னங்க மானம்?"

"அவளுக்கு இல்லடி. எனக்கு."

குரு சிரிப்பை அடக்க டம்ளரை வாயில் வைத்துக்கொண்டார். அதில் தண்ணீர் இல்லை.

பிறகு பெரியப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எடத்த வேற ஆளுக்குக் குடுத்ததுகூடப் பெருசில்ல. பொண்ணோட மூத்த அண்ணன் நான், எனக்கு அடுத்த பந்தியாம். சரி, கோவத்துல சொல்லிட்டான், பின்னாடியே கூப்புட வருவான்னு மண்டப வாசல்ல நின்னு செருப்ப மாட்டினேன். செருப்பு மாட்ட எவ்வளவு நேரமாகும்? மாட்டிக்கிட்டே நின்னேன்."

அந்த நேரம் நாகு அண்ணன் சாப்பாட்டுக்கு வந்தார். பட்டாசு ஆலையில் மேனேஜர். மூக்கு எங்கள் மூக்கு. காது குத்து விஷயத்தைப் பர்வதம் அத்தை போனில் சொல்லியிருந்தாராம், நான் கேட்பதற்கு முன்பே, "வாறேன் ரேணு. சீர்த்தட்டோட வாறேன். யாரு என்ன சொன்னாலும் வாறேன்" என்றார்.

"யாரு வேண்டாம்னா? நீ போ. நான் வரல" என்றார் பெரியப்பா.

காரில் ஏறியதுமே அப்பாவுக்கு போன் செய்து நாகு அண்ணன் வரும் விஷயத்தைச் சொன்னேன். செருப்பு மாட்டிக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டவர் கிடைக்கவில்லை போல.

மார்ச் 22, வெள்ளி

மாமியார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "ஆமா, தாய்மாமன் சிவகாசில பெரிய மேனேஜர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சட்னி மறுபடி வந்துவிட்டது.

மார்ச் 25, திங்கள், பங்குனி உத்திரம்

நடந்தது நடந்தபடி எழுதிவிட வேண்டும், நாளைக்கு இத்தனை சிரிப்பு மிஞ்சாது.

கோயிலில் கூட்டமான கூட்டம். நான் தெர்மாமீட்டர், தண்ணீர், காய்ச்சல் மருந்து, குடை, இன்னொரு தெர்மாமீட்டர் எடுத்துப் போயிருந்தேன். சிவகாசி கார் வந்து நின்றது. நாகு அண்ணன், பெரியம்மா, சீர்த்தட்டுகள். பின்கதவு திறந்து பெரியப்பா.

"கார் ஓட்ட ஆளில்லன்னாங்க. அதான் வந்தேன்" என்றார் எல்லோருக்கும் பொதுவாக. ஓட்டிக்கொண்டு வந்தது நாகு அண்ணன்தான்.

அப்பா அந்த நேரம் பார்த்து ஒரு புளியமரத்தின் பட்டையை ஆராய ஆரம்பித்தார். மொட்டை முடியும் வரை ஆராய்ந்தார்.

மனைப்பலகையில் நாகு அண்ணன், மடியில் சந்தனம் பூசிய வழுக்கைத் தலையோடு மிரு. ஆசாரி டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்தார். மிரு அதை ஆசையோடு பார்த்தாள். நாகு அண்ணனும் பார்த்தார். பார்த்தவரின் கண் மேலே செருகியது. நாளெல்லாம் வெடிமருந்துக்கு நடுவில் நிற்கிற மனிதர், ஊசியைக் கண்டு பக்கவாட்டில் சாய்ந்தார்.

"ஏ, எந்திரிச்சுராத! மடி மாறக் கூடாது!" என்று மாமியார் கத்தினார்.

பெரியப்பா பாய்ந்து மகனைப் பின்னாலிருந்து தாங்கினார். நான் தெர்மாமீட்டரை எடுத்தேன். எங்கிருந்து வந்தார் என்று தெரியாது, அப்பா முன்னால் மண்டி போட்டு மிருவின் தலையைப் பிடித்தார்.

"சேது, கையப் பிடிடா! கைய! ஆட்டுறா பாரு!"

"பிடிச்சிருக்கேண்ணே. நீ மொதல்ல உன் மகனப் பிடி."

ஒரு காது முடிந்தது. மிரு வீறிட்டாள். ஆசாரி அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"தலைய ஆட்டவிட்டுட்டியேடா. ஒரு நூல் மேல ஏறிருச்சு."

"எங்க ஏறிருக்கு? கண்ணாடியப் போட்டுப் பாரு."

"கண்ணாடி போட்டாத்தான் தெரியுமா? ஒரு வேலைய நேரா செஞ்சிருக்கியா நீ?"

"நான் செஞ்ச வேலைய எவன் பாத்தான்? ஒரு கல்யாணத்த ஒத்த ஆளா நின்னு நடத்துனேன். நீ வாசல்ல செருப்பு மாட்டிட்டு நின்னது எனக்கு எப்படித் தெரியும்? நான் வாளியோட நிக்கிறேன்!"

"வாளியக் கீழ வச்சுட்டு வர்றது!"

"பாயசம்ணே அது! கொதிக்குது!"

"ரெண்டு பெருசும் கொஞ்சம் வாய மூடுங்கய்யா, ஊசி கையில இருக்கு" என்றார் ஆசாரி.

இரண்டாவது காதும் முடிந்தது. நாகு அண்ணன் கண்ணைத் திறந்து, "குத்தியாச்சா?" என்றார். மிரு அழுகையை நிறுத்திவிட்டு, தன் தலைக்கு மேலே மாறி மாறிக் கத்தும் இரண்டு கிழவர்களையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு முழுக்க அவர்கள் ஓயவில்லை. வண்டி கிளம்பும்போதும் பெரியப்பா கண்ணாடியை இறக்கி விரலை நீட்டினார்: "இது பேசுற எடமில்ல. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, ஒன்னைய அங்க வச்சுப் பேசிக்கிறேன்."

"வாறேன். வராம போயிருவேனா?" என்று அப்பாவும் விரலை நீட்டினார்.

 

மார்ச் 26, செவ்வாய்

காது வீங்கவில்லை. காய்ச்சல் இல்லை. இரண்டு தெர்மாமீட்டரும் அப்படித்தான் சொல்கின்றன.

காலையில் அம்மா போன் செய்தாள். "உங்கப்பாவுக்கு என்னன்னு கேளுடி. ஞாயித்துக்கெழம சண்டைக்குப் போறாராம். இன்னிக்கே வெள்ளைச் சட்டைய அயர்ன் பண்ணி வைக்கச் சொல்றாரு."